மூன்று அடையாளம் போதும்

விடிந்ததும் மொட்டைமாடியில் மனைவி தொலைநோக்கியோடு நிற்பாள். கணக்கு வாத்தியார் எதிர் வீட்டு மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதுவார். மூன்று அடையாளம் கிடைத்தால் போதும், திரும்பிப் பார்க்காமலே பறவையின் பெயரைப் பட்டென்று சொல்லிவிடுவார். இருபது வருடத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

"எதிர் மரத்துல புதுசா ஒண்ணுங்க. உச்சந்தலை வழுக்கை."

"அடுத்தது?"

"வலது காலைத் தாங்கித் தாங்கி வைக்குது. நெஞ்சுல இடது பக்கம் நீலத் திட்டு."

வாத்தியார் எழுதிவிட்டு, காலையில் பேனா கசிந்த தன் சட்டைப்பையைக் குனிந்து பார்த்தார். வழுக்கையைத் தடவினார். வலது முழங்கால் வழக்கம்போல் வலித்தது. குரலில் மட்டும் தடுமாற்றமே இல்லை.

"ஜோடி இருக்கா?"

"இருக்குங்க. அது நம்மளையே உத்துப் பார்த்து ஏதோ சொல்லுது. இது திரும்பி உக்காந்து எழுதிட்டிருக்கு."