ஒரு சிட்டிகை ஸ்ட்ரான்ஷியம்

செத்துப்போன என் மனைவி சௌந்தரவல்லியின் குரலும் குணமும் கூடத்துக் காந்தக்கல்லில் இருக்கின்றன. அவள் திட்டினால் தெருவில் நிற்கும் சைக்கிள்களெல்லாம் எங்கள் வாசலுக்கு நகர்ந்து வரும், சத்தியமாக!

"கல்லுல கடுகளவு இந்த ஸ்ட்ரான்ஷியம் உலோகப் பொடியைச் சேருங்க சார், சாந்தமாயிடுவாங்க. ஒரு அணு திரும்பினா பக்கத்து அணுவெல்லாம் கூடவே திரும்பிடும். ஆனா போட்டதை அப்புறம் எடுக்க முடியாது" என்றார் கல்லை விற்ற கடைக்காரர். நான் ரசத்துக்கு உப்புப் போடுகிற கையால் தாராளமாகவே போட்டேன்.

மறுநாள் காலை, "வல்லி, இன்னிக்கு பிரஷர் மாத்திரை வேண்டாமே?" என்று வம்புக்கு இழுத்தேன். வழக்கமாக இதற்கு வீடே அதிரும்.

"வேண்டாங்க."

"அப்புறம் நானும் உங்கிட்டயே வந்துடுவேனே?"

"வாங்களேன்."

தெருவில் ஒரு சைக்கிள்கூட அசையவில்லை. ஓடிப்போய் மாத்திரையை விழுங்கினேன். வல்லி இன்னும் அன்பாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.