சங்கிலி கட்டிய மாப்பிள்ளை

பெண் பார்க்கச் சேத்தூருக்கு வந்திருந்த பட்டாளத்துக்காரன் தவசிமுத்து, காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

"காஷ்மீர்ல இடுப்பளவு பனி கொட்டும் மாமா. டிராக்டர் டயர்ல சங்கிலியைக் கட்டி, ரோட்டையே வழிச்சு எடுத்துருவோம். அஞ்சு வருசமா எனக்கு அதுதான் வேலை."

தட்டோடு நின்ற வேலுத்தாய் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

அவளுடைய அப்பா ராஜரத்தினம் துள்ளி எழுந்தார். "நம்ம டிராக்டர் காலையிலருந்து வயச் சேத்துல புதைஞ்சு கெடக்கு. எம்புட்டுத் தள்ளியும் அசையல. செத்த வாங்க மாப்ள!"

சம்மதம் சொல்லும் முன்பே 'மாப்ள' வந்துவிட்டது! தவசிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினான். தொழுவத்துச் சங்கிலிகளை வாங்கி, சேற்றில் படுத்துப் புரண்டு, இரண்டு பெரிய டயர்களிலும் இறுக்கிக் கட்டி முடித்தான். வரப்பில் நின்ற ஊரே வாயைப் பிளந்தது.

"ஏறி ஓட்டுங்க மாப்ள!"

தவசிமுத்து தலையைச் சொறிந்தான். "கட்டுறது மட்டுந்தான் மாமா என் வேலை. ஓட்டுறதுக்கு வேற ஆளு. எனக்கு சைக்கிள்தான் ஓட்டத் தெரியும்."

சிரிப்பு வெடித்தது. சம்பந்தம் சேற்றோடு போயிற்று என்று அவன் கூசி நிற்கையில், பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வேலுத்தாய் டிராக்டரில் ஏறினாள். ஒரே உறுமல். வண்டி கரையேறி நின்றது.

ராஜரத்தினம் தன் துண்டால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தார்.

"கலங்காதிய மாப்ள. தை மாசம் தாலியையும் இதே மாதிரி கட்டிருங்க. பொறவு ஓட்டுறதெல்லாம் எம் மக பாத்துக்கிடுவா."