சேவ் ஆகாத காதல்

மனைவி எழுதிய காதல் கதை இன்றும் சேவ் ஆகாமல் கம்ப்யூட்டர் அணைந்துபோனது.

"கொலைக் கதையெல்லாம் சமத்தா சேவ் ஆகுது தம்பி. காதல் கதைன்னா மட்டும் பொசுக்குனு போயிடுது" என்று மெக்கானிக்கிடம் புலம்பினாள்.

கணவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "கல்யாண நாளுக்கு என்னைப் பத்திக் கவிதை எழுதினாளே, அது ஒரே தடவையில சேவ் ஆச்சு! எது நிஜக் காதல், எது கப்சான்னு கம்ப்யூட்டருக்கே தெரியுது பாருங்க!"

மெக்கானிக் தானே ஒரு காதல் வசனத்தை அடித்துப் பார்த்தான். சேவ் ஆனது. தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க எழுதுங்கக்கா" என்று மேசைக்கு அடியில் புகுந்தான்.

கதாநாயகன் கதாநாயகியின் கையைப் பிடித்தான். மனைவி சேவ் பண்ணப் போனாள். கம்ப்யூட்டர் அணைந்தது.

மேசைக்கு அடியிலிருந்து சிரிப்பு வெடித்தது. "அக்கா, காதல் காட்சி முடிஞ்சதும் சொக்கிப்போய் காலை நீட்டுறீங்க. கட்டைவிரல் நேரா ஸ்விட்சுல போய் முட்டுது!"

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திடீரென்று கணவனின் சிரிப்பு மட்டும் நின்றது.

"அப்போ... என் கவிதைக்கு உன் கால் ஏன் நீளல?"

மெக்கானிக் அவசரமாகப் பையைத் தூக்கினான். "அது கம்ப்யூட்டர் கோளாறு இல்ல சார். நான் கிளம்புறேன்!"