கழற்றிய எம்.சி.பி.

சௌந்திரத்தின் கணவர் அப்புசாமி ஷார்ட்டாகிக் கிடந்த மோட்டார் சுவிட்சை ஈரக்கையோடு தொட்டு இறந்தபோது, கரண்டை நிறுத்தியிருக்க வேண்டிய எம்.சி.பி.யின் விசை தானாகக் கீழே விழவில்லை.

“பலதடவ உழுந்து உழுந்தே உள்ள கெட்டுப்போச்சுங்கக்கா. இனி இது உழுகாதுங்க” என்று எலக்ட்ரீசியன் தமிழரசு அதைக் கழற்றிக் கொடுத்தான்.

தூக்கிப்போட மனமில்லாமல் அவள் அதைச் சமையலறை அலமாரியில் வைத்தாள். தினமும் காலையில், அப்புசாமி மோட்டார் போடும் நேரத்துக்கு, ஒயரே இல்லாத அதன் விசை ‘டக்’கென்று விழுந்தது.

“அன்னைக்கு உழுகாம இப்ப என்னத்துக்கு உழுகறே?” என்று திட்டிக்கொண்டே அவள் அதை மேலே தூக்கிவிடுவாள்.

இன்று கையெல்லாம் ஈரம். துடைத்துவிட்டுத் தொடலாமென்று அப்படியே விட்டாள்.

மோட்டார் ரூமிலிருந்து அப்புசாமி சலிப்போடு கேட்டார்:

“ஏம்புள்ள, கரண்டு போயிருச்சா?”