சென்சாரும் வெள்ளைச் சட்டையும்

"யாரும் அசையக் கூடாது. மூச்சைக்கூட மெதுவா விடுங்க."

இருட்டறையில் மாப்பிள்ளை போட்ட அதட்டலில் மாமனார் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"கையை இறக்குங்க மாமா. சட்டை இன்னும் வெள்ளையாத் தெரியுது."

புரொஜெக்டரில் ஓடிக்கொண்டிருந்தது மாமனாரின் கல்யாண ஃபிலிம். சக்கரத்தில் ஒட்டிய வெள்ளைப் பொட்டு எதிரே வரும்போதெல்லாம் மாப்பிள்ளை செய்த லைட் சென்சார் அதைப் பார்த்து, கேமராவை ஒரு 'க்ளிக்' அடிக்க வைக்கும். இப்படி ஒவ்வொரு படமாகப் பிடித்துச் சேர்த்து, நாளைக்குப் பிள்ளைகளுக்கு டி.வி.யில் போட்டுக் காட்டுவதாகத் திட்டம். வேறு வெளிச்சம் துளி பட்டாலும் போச்சு, கேமரா கண்டபடி அடித்துத் தள்ளும்.

நாற்பது வருடப் பஞ்சாயத்து ஒன்று அந்த ஃபிலிமுக்குள் இருந்தது. கல்யாண மேடையில் அழுதது மாமனாரா, மாமியாரா? அழுதவர் ஆயுசுக்கும் காபி போட வேண்டும் என்று பந்தயம். "நீங்கதான்" என்று மாமியார் அடித்துச் சொல்லிவிட்டதால் அன்றிலிருந்து வீட்டில் காபி போடுவது மாமனார்தான்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல மாப்பிள்ளை. நாளைக்குப் பிள்ளைங்க முன்னாடி மானம் போகப் போகுது" என்று முனகினார்.

வெளியிலிருந்து மாமியார் கேட்டார்: "எது வரைக்கும் வந்துச்சு?"

"மேடை ஏறப் போறீங்க அத்தை."

கதவு திறந்தது. "காபி குடிங்க மாப்பிள்ளை. நானே போட்டேன்."

டம்ளரை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பினால் கேமரா படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. பழி நேராக வெள்ளைச் சட்டைமேல் விழுந்தது.

"வெளியே போங்க மாமா" என்று மாப்பிள்ளை கத்தியது சமையலறை வரை கேட்டது. போனவர் பின்கதவு வழியாகக் கறுப்புப் போர்வையை முக்காடு போட்டுக்கொண்டு வந்து மூலையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்குப் பாவமாக இருந்தது, விட்டுவிட்டார்.

மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்கள். மேடை வந்ததும் கதவு திறந்தது, இன்னொரு காபி வந்தது. கேமராவும் படபடத்தது.

ஃபிலிம் ஏற்கெனவே ஓரமெல்லாம் நொறுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு ஓட்டம்தான் தாங்கும். மாப்பிள்ளை போர்வையைப் பார்த்தார், ஆறிப்போன இரண்டு டம்ளரைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்.

இந்தத் தடவை சென்சார் சொன்ன பேச்சு கேட்டது. க்ளிக், க்ளிக் என்று மேடை நெருங்கியது.

"மாப்பிள்ளை, காபி."

"முடியட்டும் அத்தை."

கதவு இரண்டு தடவை ஆடியது. பிறகு கதவிடுக்கில் மாமியாரின் குரல் மெதுவாக வந்தது.

"அவரைத்தான் துரத்திட்டீங்களே, அதனால சொல்றேன். மேடையில அழுதது நான்தான். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

மூலையில் போர்வை அசைந்தது.

"நாளையிலேர்ந்து எனக்குக் கொஞ்சம் ஸ்ட்ராங்கா போடு."