சிவப்புப் பிரஷ்

மூன்று பிரஷ்களில் சிவப்புப் பிரஷ்ஷை மட்டும் எறும்பு மொய்த்திருந்தது. அது ஏழு வயது சுபிக்ஷாவுடையது. அவள் அம்மா பிருந்தா அதை வெந்நீரில் அலசினாள், டம்ளரை மாற்றினாள். மறுநாள் நூல் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். நூல் வழியாகவும் எறும்பு இறங்கி வந்தது.

போன வாரம்தான் பல் டாக்டர் சுபிக்ஷாவின் கடைவாயில் இரண்டு கறுப்புக் குழிகளைக் காட்டி, "இது விழுந்து முளைக்கிற பல் இல்லம்மா. இனிப்பு எந்த வழியா போகுதுன்னு பாருங்க" என்று சொல்லியிருந்தார். புத்தகப் பை, யூனிஃபார்ம் பாக்கெட், தலையணை உறை எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு மிட்டாய்த் தாள்கூடச் சிக்கவில்லை.

"குழந்தைங்க பேஸ்ட்டே இனிப்புதானே, அதான் எறும்பு வருது" என்றான் கணவன் மணிமாறன். தினமும் மகளுக்குப் பல் தேய்த்துவிடுவது அவன்தான்.

பிருந்தா அந்தப் பேஸ்ட்டைத் தாளில் பிதுக்கி எறும்பு வரிசைக்குக் குறுக்கே வைத்தாள். எறும்புகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின.

"என்ன, துப்பறியிறியா?" என்று சிரித்தான். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டதை அவள் கவனித்தாள்.

அடுத்த நாள் காலையில் குளியலறைக் கதவில் காதை வைத்தாள்.

"வாயத் தொற தங்கம். நேத்து மாதிரி அப்பா விரலக் கடிக்கக் கூடாது."

"இன்னொரு தடவ தொட்டுக்கோப்பா."

கதவைத் தள்ளினாள். மணிமாறனின் ஒரு கையில் பிரஷ், மறு கையில் தேன் பாட்டில்.

"இது இல்லாம வாயவே தொறக்க மாட்டேங்கறா பிருந்தா. நான் என்ன பண்ண?"

சுபிக்ஷா அம்மாவின் பக்கம் திரும்பி வாயை அகலத் திறந்து காட்டினாள்.

"பாரும்மா, எப்படிப் பளபளன்னு இருக்கு!"