தங்கக்கட்டிகளின் பூங்கா

புறநகருக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இது நாலாவது பூங்கா. இதுவும் சரிப்படாவிட்டால் மகளுக்கு விளையாட வீட்டு மாடிப்படிதான் மிச்சம். அந்தக் கவலையோடு, ரெட்டைப் பின்னல் போட்ட ஆறு வயது மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பா வாசலிலேயே காவலாளியை விசாரித்தார்.

“அண்ணே, இங்க ஊஞ்சலுக்கு அடிதடி உண்டா?”

“சே சே. பிள்ளைங்க வரிசையில நிப்பாங்க சார்.”

“கிள்ளுறது, தள்ளிவிடுறது, முடியைப் பிடிச்சு இழுக்கிறது?”

“பேச்சுக்கே இடமில்ல. அடிச்சாக்கூடத் திருப்பி அடிக்கத் தெரியாத தங்கக்கட்டிங்க. பாப்பாவை விட்டுட்டு நீங்க பெஞ்சில நிம்மதியாத் தூங்கலாம்.”

அப்பாவின் முகம் காற்றுப் போன பலூன் ஆனது. “அப்ப சரிவராதுண்ணே. வா பாப்பா, போகலாம்.”

“இதைவிட நல்ல இடமா தேடுறீங்க?”

அப்பா குரலைத் தாழ்த்தினார். “இவ கடிப்பாண்ணே. மூணு பூங்காவுல இனிமே வராதீங்கன்னுட்டாங்க. கொஞ்சம் தாக்குப்பிடிக்கிற பிள்ளைங்க இருந்தா, இவளுக்கும் ஒரு சிநேகிதி கிடைப்பாளேன்னு பார்த்தேன்.”

காவலாளி சட்டைக் கையை மெல்லச் சுருட்டினார். முழங்கைக்கு மேலே குட்டிப் பல்வரிசை ஒன்று சிவக்கப் பதிந்திருந்தது.

“என் பேத்தி. காலையில கடிச்சு வச்சது. அவளையும் உள்ள விடக்கூடாதுன்னுட்டாங்க. என் அறையிலதான் தனியா உட்கார்ந்திருக்கா.” பிறகு மகளிடம் குனிந்தார். “உனக்குப் பல்லு விழுந்திருக்கா பாப்பா?”

“முன்னால ஒண்ணு.”

“அவளுக்கும் ஒண்ணுதான். சமமான போட்டி. கையை விடுங்க சார்.”